சரசு மாமி வீட்டில் பால் காய்ச்சிய கதை

பால் பொங்கும் என்று எல்லோரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பொங்கவில்லை. மேலே லேசாகச் சுருங்கியது, ஓரமெல்லாம் தெளிந்த தண்ணீர் விட்டது, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டி நின்றது.

திருவனந்தபுரம் கரமனையில் பழைய வீடு. கீழ்ப் போர்ஷனை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். மாடியில் வீட்டுக்கார சரசு மாமி. அன்று பால் காய்ச்சிக் குடியேறும் நாள். நேரம் குறித்துக் கொடுத்தது மாமி, அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னது மாமி, பட்டுப்புடவை கட்டி ஊதுபத்தியோடு நின்றதும் மாமி. நல்ல நேரம் இன்னும் பாக்கி இருந்தது. பால்தான் முந்திக்கொண்டது.

"திரிஞ்சுடுத்தே!" என்றாள் மாமி.

என் வீட்டுக்காரர் நீலகண்டபிள்ளைக்கு இந்த மாதிரி சமயங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. மாமியின் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்க மாமி. இது ஒண்ணுமே இல்ல. நாளையில இருந்து தெனமும் நாப்பது லிட்டர் இங்கதான் திரிய வைக்கப் போறோம்லா."

மாமியின் கையிலிருந்து ஊதுபத்தி கீழே விழுந்தது.

பேங்க்காரருக்குப் பிடித்த கிறுக்கு

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சொல்லவேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் என் தம்பி கல்யாணத்தில் பந்திக்கு நடுவில் சாம்பார் தீர்ந்த கதையை எழுதினேன். "உங்கள் வீட்டில் ஒரு காரியமாவது ஒழுங்காக நடக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடக்கும். ஆனால் அதையெல்லாம் யார் படிப்பார்கள்?

இவர் பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கினார். கூட வாங்கியவர்களில் ஒருவர் காலை நடை போனார், ஒருவர் கோயில் கமிட்டியில் சேர்ந்தார், இன்னொருவர் ஊருக்கெல்லாம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார். இவர் கொடைக்கானலுக்கு ஒரு வாரம் போனார். அங்கே ஏதோ ஒரு பண்ணையில் கையால் செய்த சீஸை ஒரு துண்டு வாயில் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். திரும்பி வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி பகவதி, பால்ல இருந்து இப்பிடி ஒரு சாதனம் வரும்னு தெரியாம இத்தன வருசமா மோரைக் குடிச்சே காலத்தக் கழிச்சுட்டோமே!"

அப்புறம் வகுப்புக்குப் போனார். வெப்பமானி வாங்கினார். ஓட்டை போட்ட டப்பாக்கள் வாங்கினார். எங்கள் ஃபிளாட் அப்போது தம்பானூர்ப் பக்கம். அங்கே ஏசி இருந்த ஒரே அறை எங்கள் படுக்கையறை. சீஸுக்குக் குளிர்ச்சி வேண்டுமாம். ஆகவே சீஸ் கட்டிலில் படுத்தது, நாங்கள் ஹாலில் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்தோம். ஒரு சேலை எடுக்க உள்ளே போனால் பின்னாலேயே ஓடி வருவார்.

"கதவ மெள்ளச் சாத்து. அது பழுத்துக்கிட்டு இருக்கு."

தினமும் காலையில் ஒவ்வொரு சீஸ் வட்டையும் எடுத்துத் திருப்பி வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தோசையைத் திருப்பிப் போட்டு அறியாத மனுஷன்.

ஒரு மாதம் போனதும் கீழ் ஃபிளாட்காரருக்கு மணம் எட்டியது. எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஆள் வைத்துக் கூரைப் பலகையைக் கழற்றினார்கள், குழாயெல்லாம் குடைந்தார்கள். இவரும் கூடமாட நின்று டார்ச் அடித்துக் கொடுத்தார். சத்தியமாக இவருக்குச் சந்தேகமே வரவில்லை. பெற்றவருக்குத் தன் பிள்ளையின் நாற்றம் தெரியுமா? கடைசியில் அசோசியேஷன் செக்ரட்டரி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து எங்கள் படுக்கையறை வாசலில் நின்றார். ஒன்று அது போகவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

குச்சியும் ஆதரவும்

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். உள்ளூர்ச் சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டுமான சந்தை. ஒரு பக்கம் பலாப்பழத்தில் கிண்டிய சக்கவரட்டி, ஒரு பக்கம் எங்கள் ஊர்க் கருப்பட்டி, பக்கத்தில் கைக்குத்தல் அரிசி, நடுவில் இவர். குறுமிளகு இடித்துப் போட்ட சீஸ் ஒன்று, கறிவேப்பிலை போட்டது ஒன்று. சாம்பிளுக்குச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் பல்குத்தும் குச்சியில் செருகி வைத்தோம்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் தங்கமானவர்கள். மேசைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட ஆதரவு தராமல் போகவில்லை. "இதையெல்லாம் சப்போர்ட் பண்ணணும் சாரே" என்று ஒரு குச்சி. "கம்பெனிக்காரனோட சீஸெல்லாம் பிளாஸ்டிக்" என்று இன்னொரு குச்சி. "நம்மளைப் போல உள்ளவர் சப்போர்ட் செய்யலெங்கில் பின்னே ஆரு செய்யும்?" என்று பொண்டாட்டி பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிக் குச்சி. சாயங்காலம் மேசைக்கு அடியில் குச்சி குவிந்து கிடந்தது. சீஸ் வட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

கடைசியாக ஒருவர் வந்தார். விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு வந்திருந்த குஜராத்தி இன்ஜினியர். ஆதரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிளகு போட்டதை ஒரு வாய் தின்றார், கண்ணை மூடினார், திறந்தார். தங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதுக்கும் வாராவாரம் வேண்டும் என்றார். அதற்குத்தான் தினமும் நாற்பது லிட்டர்.

சந்தோஷத்தில் இவர் வீட்டுக்குப் போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் செய்ய இடம் எங்கே?

எங்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். "போதும்ப்பா, இங்க வந்து எங்ககூட இருங்க" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அப்பனும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்த ஒரு தடவை இடம் பார்ப்பது. அதுவும் சரிப்படாவிட்டால் பாத்திரங்களை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறுவது. உள்ளுக்குள் நான் மகன் கட்சிதான். என் கட்டில் எனக்கு வேண்டியிருந்தது.

நெல் இருந்த அறை

கரமனை வீட்டைப் பார்த்ததும் இவர் சொக்கிப் போனார். பின்கட்டில் அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்த அறை ஒன்று இருந்தது. கெட்டிச் சுவர், மரத் தட்டு, சின்ன ஜன்னல். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே போனால் உடம்பு குளிர்ந்தது. சின்ன ஏசி ஒன்று மாட்டினால் போதும். இவர் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மாமியின் கவனத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

மாமி கண்டிஷன் போட்டாள். மீன் கூடாது, மாமிசம் கூடாது, முட்டை கூடாது. நாங்கள் சைவப் பிள்ளைமார்தான் என்றோம். "பின்னே சரி" என்றாள்.

பிறகு இவர் தன் தொழிலை விளக்கினார். ஒன்றையும் மறைக்கவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார், அது உண்மைதான். கிருமியில் ஆரம்பித்து உலக வரைபடம் வரைக்கும் போனார். பாலை உறைய வைக்கும் சத்தைச் சில நாடுகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள், நம்முடையது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது மட்டும் நான் அவர் காலை மிதித்தேன். மாமி பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தவள் சொன்னாள்:

"சீஸ்தானே? என் பேரன் பீட்சா மேலே போட்டுண்டு திங்கறான். சுத்த வெஜிடேரியனாக்கும். தாராளமாப் பண்ணுங்கோ."

அதில்தான் எல்லாம் கவிழ்ந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்குச் சீஸ் என்றால் மஞ்சள் கலரில் டப்பாவில் வருவது. அது பாலைத் திரித்துச் செய்வது என்று யார் யோசித்தார்கள்? வெண்ணெய்க்கு அக்கா தங்கை என்று மாமி நினைத்துக்கொண்டாள். பால் திரிந்தால் வீடு விளங்காது என்பதில் அவளுக்கு இருந்த உறுதி இவருக்கும் தெரியாது.

ரயிலை விட்ட மாப்பிள்ளை

பால் காய்ச்சிய அன்று அது ஏன் திரிந்தது என்று கேட்டால், அதற்கும் இவர் பக்திதான் காரணம். தொழில் செய்யப்போகிற பாத்திரத்திலேயே முதல் பாலைக் காய்ச்சவேண்டும் என்று ஆசைப்பட்டார். முந்தின நாள் அதில் சீஸ் வடித்த புளித்த தண்ணீர் இருந்தது. கழுவினேன் என்கிறார். ஆண்கள் கழுவுவது நமக்குத் தெரியாதா!

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் நாத்தனார் கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் பால் திரிஞ்சுது. மாப்பிள்ளை ரயிலை விட்டுட்டான், கேட்டியா பகவதி?"

"அய்யோ! அப்புறம் வரவே இல்லையா மாமி?"

"மறுநாள் வந்தான். அவன் வந்தப்புறம் அவ பட்டதுக்கு, வராமலே இருந்திருக்கலாம்."

மாமி இவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை தெரியாமத் திரிஞ்சா பரிகாரம் உண்டு. தெனம் தெனம் வேணும்னே திரிச்சா? வெள்ளிக்கிழமையும் திரிப்பேளா?"

"வெள்ளிக்கிழமைதான் மாமி நெறையப் பால் வரும்" என்றார் இவர்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள். சாமி படம் மாட்ட ஆணிகூட அடிக்கவேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுகிற குரலில் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சாமான் பிரிக்கிற வேலை மிச்சம், பெங்களூரில் கட்டில் தயார். இவரைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். நெல் அறைக்குள் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வெப்பமானி. பேங்கில் இத்தனை வருஷம் வேலை பார்த்தபோது ஒரு நாளும் அவர் இப்படி ஒன்றுக்காக ஏங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் நான் கட்சி மாறிவிட்டேன்.

மாடி ஏறினேன். கெஞ்சினேன், வாதாடினேன், கொஞ்சம் அழவும் செய்தேன். மாமி கல்லாக இருந்தாள். கடைசியில் கொஞ்சம் மனசு இறங்கி ஒன்று சொன்னாள்.

"நான் ஒரு தடவை கண்ணால பாக்கறேன். என் ஆத்துக்குள்ள பால் திரியறது என் கண்ணுல பட்டுதுன்னா அன்னிக்கே எறங்கணும். சம்மதமா?"

வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. பால் உறைகிறது, திரியவில்லை என்று மாமிக்குப் படவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

தங்கமணியின் பால்

அந்த வருஷத்துத் துலாமழை, நம் ஐப்பசி மழைதான், சாயங்காலத்தோடு நிற்காமல் காலையிலும் பெய்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிறவள் தங்கமணி. சுற்று வட்டாரத்து மாடு வைத்திருக்கிற பெண்களிடமெல்லாம் கறந்த பாலை வாங்கிச் சேர்த்து, சின்னச் சரக்கு ஆட்டோவில் தானே ஓட்டி வருவாள். வாயும் ஆட்டோவும் ஒரே வேகம்.

மாமி விடியற்காலையே குளித்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பால் வரவில்லை. ரோட்டில் தண்ணீர் கட்டி வண்டிகள் நின்றுவிட்டன என்று தங்கமணி போன் செய்தாள். பொழுது ஏறியபிறகுதான் வந்து சேர்ந்தாள், நனைந்த கோழியாக.

பால் வந்ததும் இவர் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்ப்பார். பால் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற சோதனை. நாள்பட்ட பாலாக இருந்தால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

கரண்டியை எடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இத்தனை நேரம் ரோட்டில் நின்ற பால். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், இருமினேன், முந்தானையை இழுத்து இழுத்து விட்டேன்.

"என்னட்டி, கண்ணுல தூசியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

மாமி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பால் சூடாகியது, ஓரத்தில் சுருங்கியது, திரிந்தது. மாமியின் கண்ணுக்கு நேராக. கேனுக்குக் கேன் அதே கதை.

நான் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இவர் அடுப்பை அணைத்தார். மாமியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கமணி, இந்தப் பால் வேண்டாம். ஒரு கேனும் உள்ள ஏத்தாத. திருப்பிக் கொண்டுபோ."

"சாரே!" தங்கமணி இடுப்பில் கை வைத்தாள். "இந்நு வரெ என்றெ பாலை ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்லா! மழை பெய்ததுக்கு ஞான் எந்து செய்யும்?"

"உன்னக் குத்தம் சொல்லலியே. மழைக்கு நீ என்ன பண்ணுவ? ஆனா இது ஆகாது."

"அந்த விழிஞ்ஞம் சாருக்கு எந்து கொடுக்கும்?"

"இந்த வாரம் இல்லன்னு சொல்லிருவேன்."

அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் ஆர்டர். முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். தங்கமணி மலையாளத்தில் பாதி, தமிழில் பாதியாகத் திட்டிக்கொண்டே கேன்களைத் திரும்ப ஏற்றினாள்.

மாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கணக்கு இடித்தது.

"ஏன் சார், எப்படியும் நீங்க பாலைத் திரிக்கத்தானே போறேள்? திரிஞ்சே வந்தா உங்களுக்கு வேலை மிச்சம் அல்லே?"

இவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்று வந்தது. அடிபட்ட மாதிரி திரும்பினார்.

"மாமி! தானாத் திரியுத பாலை நாங்க வீட்டுக்குள்ள விடவே மாட்டோம். காய்ச்சினாப் பொங்கணும். பொங்கினாத்தான் அது பாலு. திரிஞ்சா, அது எந்த மகராசன் வீட்டுப் பாலா இருந்தாலும் வாசலோட சரி."

மாமி காதை இவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ."

சொன்னார். மாமி எழுந்தாள். மாடிப்படி ஏறினாள். நாங்கள் கீழே நின்று படிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதிப் படியில் சத்தம் நின்றது.

"நாளைக்குப் பால் எப்போ வரும்?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை மாமி" என்றேன் நான், பயந்துகொண்டே.

"நேக்குத் தெரியாதா? எப்போ வரும்னு கேட்டேன்."

வெள்ளிக்கிழமை

மறுநாள் மழை விட்டிருந்தது. தங்கமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தாள். மாமி ஈரத்தலையில் துண்டோடு இறங்கி வந்தாள். கையில் தன் சொந்த வெண்கலப் பாத்திரம். இவர் எடுத்து வைத்திருந்த பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினாள்.

"நகருங்கோ. நான் காய்ச்சறேன்."

கேனுக்கு ஒரு கரண்டி மொண்டு ஊற்றினாள். அடுப்பைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினாள். பால் ஏறியது, நுரைத்தது, விளிம்பைத் தாண்டி வழிந்து அடுப்பில் சுரீரென்றது. தங்கமணி "என்றெ பகவானே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

"பொங்கிடுத்து" என்றாள் மாமி. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், கையைத் துடைத்தாள். "என் வேலை முடிஞ்சுது. இனிமே நீங்க என்ன பண்றேளோ, நான் பாக்கலை. நாளைக்கும் பால் வர்றச்சே கூப்பிடணும், கேட்டேளா?"

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியது எங்களுக்குக் கேட்கவேண்டும் என்று ஒரு தடவை திறந்து மறுபடியும் ஓங்கிச் சாத்தினாள்.

பாலை இதமாகச் சூடாக்கி, உறை விட்டு, காத்திருந்து, பாலை உறைய வைக்கும் அந்தச் சத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். இவர் என்னிடம் கிசுகிசுத்துத்தான் பேசினார். நானும் கிசுகிசுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, குரல் தானாக அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தனை பாலும் ஆடாமல் அசையாமல் ஒரே பாளமாக நின்றது. இவர் கத்தியால் கீறியதும் தெளிந்த தண்ணீர் மெல்ல மேலே வந்தது.

மாடி ஜன்னல் திறந்தது.

"பகவதி! ஆச்சா?"

இவர் மூச்சை இழுத்து விளக்கம் சொல்லத் தயாரானார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

"ஆச்சு மாமி! ரொம்ப நல்லா..."

"ஆச்சுன்னா போறும்" என்றாள் மாமி. "என்ன ஆச்சுன்னு சொல்லாதே."